ஒன்றரை அங்குலம்

நம் நாட்டில் ஒருவன் பருத்தால் யாரும் காரணம் கேட்பதில்லை. இளைத்தால்தான் கேட்கிறார்கள். திருத்தணிக் கடைவீதியில் காய்கறி வாங்கப் போகிறேன். கத்தரிக்காயை நிறுத்துக்கொண்டே கடைக்காரர் என்னை மேலும் கீழும் ஒரு முறை பார்க்கிறார். "ஏமண்டி, சுகரா?" என்கிறார். எங்கள் ஊரில் அனுதாபத்துக்குத் தெலுங்கும் தமிழும் சேர்ந்துதான் வரும். "இல்லை ஐயா, நானாகத்தான் இளைத்தேன்" என்றால் அவர் நம்புவதில்லை. எடைக்குமேல் இன்னொரு கத்தரிக்காய் விழுகிறது.

பதினான்கு மாதத்தில் 94 கிலோவிலிருந்து 72 கிலோவுக்கு வந்து சேர்ந்தேன். எப்படி என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ரகசியம் ஒன்றும் இல்லை. சோற்றைப் பாதியாக்கினேன். பருப்பையும் கீரையையும் இரண்டு பங்காக்கினேன். நாலு மணிக் காப்பிக்குத் துணையாக வந்துகொண்டிருந்த பஜ்ஜிக்கு விடை கொடுத்தேன். தினமும் காலையில் மலைப்படி ஏறினேன். அவ்வளவுதான் சமாசாரம். போன 22 கிலோவைப் பற்றி எனக்குப் புகார் இல்லை. போக மறுத்து நின்றுவிட்ட ஒன்றைப் பற்றித்தான் சொல்ல வந்தேன்.

முகம் வற்றியது. கழுத்தெலும்பு வெளியே வந்து நலம் விசாரித்தது. கல்யாண மோதிரம் விரலில் நிற்கமாட்டேன் என்றது. தொந்தி மட்டும் தன் இடத்தில் உட்கார்ந்திருந்தது. நாடாக் கணக்குப்படி அதுவும் 43 அங்குலத்திலிருந்து 37-க்கு வந்திருந்ததென்னவோ நிஜம். ஆனால் சுற்றியிருந்த சதையெல்லாம் வடிந்து போனதால், கோடையில் ஏரி வற்றியபின் நடுவில் தெரியும் பாறையைப் போல, முன்னில்லாத எடுப்புடன் அது துருத்திக்கொண்டு நின்றது. "கண்ணாடி முன்னால பக்கவாட்டுல நிக்காதீங்க. நேரா நில்லுங்க, நல்லாத்தான் இருக்கீங்க" என்று என் மனைவி யோசனை சொன்னாள். வாழ்க்கையில் பல சங்கதிகளுக்கு அவள் சொல்லும் யோசனையும் இதுதான்.

தொந்திக்கும் ஒரு வரம்பு கட்டியிருக்கிறார்கள். நம்மைப் போன்ற ஆசிய நாட்டு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80. தொண்ணூறு சென்டிமீட்டர் என்றால் முப்பத்தைந்தரை அங்குலத்துக்கு ஒரு நூல் குறைவு. அளப்பது கால்சட்டை நிற்கும் இடத்தில் அல்ல. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கிக்கொண்டு அளப்பது நாடாவுக்கு லஞ்சம் கொடுப்பதாகும். நேர்மையாக அளந்ததில், எனக்கும் வரம்புக்கும் நடுவே ஒன்றரை அங்குலம் பாக்கி இருந்தது.

நாற்பத்தாறு வயதில் ஒரு நாவலாசிரியனுக்கு ஒன்றரை அங்குலத்தில் என்ன வந்துவிட்டது? உட்கார்ந்தே பிழைப்பு நடத்துகிறவன். எழுத்தைப் படிப்பவர்கள் யாரும் அவன் இடுப்பை அளக்கப் போவதில்லை. ஆனால் எனக்கு அப்பாவின் நினைவு இருந்தது.

அப்பா ஒல்லி. அறுபது கிலோவைத் தாண்டியதே இல்லை. குச்சிக் கால்கள், குச்சிக் கைகள். சட்டையைக் கழற்றினால் மட்டும், யாரோ ஒரு சின்னப் பானையைக் கொண்டுவந்து ஒட்ட வைத்தது போல ஒரு வயிறு. "பிள்ளையாருக்குத் தம்பி ஊருல பொறந்தவன்டா, அண்ணன் ஞாபகமா கொஞ்சம் வச்சிருக்கேன்" என்று அதைத் தட்டிக்கொள்வார். ஐம்பத்தோராம் வயதில், ஒரு காலை நேரத்தில், மார்வலி என்று சாய்ந்தவர் எழுந்திருக்கவில்லை. எலும்பு முறிவுக் கட்டுக்குப் பெயர் போன புத்தூரில், எல்லைக்கு அந்தப் பக்கம், நான் அப்போது இன்டர்மீடியட் படித்துக்கொண்டிருந்தேன். ரயில் பிடித்து வந்து சேர்ந்தபோது, திண்ணையில் இருந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்ட வார்த்தை இன்னும் காதில் இருக்கிறது. "இவ்வளவு ஒல்லியான மனுஷனுக்குச் சர்க்கரையாம், இருதயமாம், என்ன கணக்கோ!"

அது என்ன கணக்கு என்று புனாவில் ஒரு டாக்டர் கண்டுபிடித்தார். சித்தரஞ்சன் யாக்னிக் என்று பெயர். 2004-இல் 'லான்செட்' என்னும் மருத்துவப் பத்திரிகையில் ஒரு புகைப்படம் வெளியாயிற்று. அதில் இரண்டு பேர் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். ஒருவர் யாக்னிக், மற்றவர் அவருடைய சகா, லண்டன் டாக்டர் ஜான் யுட்கின். உயரத்துக்கு எடையை ஈடுகட்டிப் பார்க்கிற கணக்கில் இருவருக்கும் ஒரே எண்: 22.3. இருவருமே ஆரோக்கியமானவர்கள் என்று சான்றிதழ் தரும் எண் அது. ஆனால் உடம்பில் எத்தனை பங்கு கொழுப்பு என்று சோதித்தால், வெள்ளைக்காரருக்கு நூற்றுக்கு 9.1, புனாக்காரருக்கு 21.2! தராசு இருவரையும் ஒன்றாக நிறுத்தது. உள்ளேயிருந்த சரக்கு வேறாக இருந்தது.

யாக்னிக் அதோடு விடவில்லை. புனாப் பக்கத்துக் கிராமங்களில் பிறந்த குழந்தைகளையும் இங்கிலாந்தில் பிறந்த குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். அங்கே சராசரி மூன்றரைக் கிலோ, இங்கே 2.7. நம் குழந்தைகளுக்குத் தசை குறைவு, உள்ளுறுப்புகள் சிறிது. கொழுப்பு மட்டும் அந்த அளவுக்குக் குறையவில்லை. பஞ்சத்தைக் கண்ட குடும்பம் வேறெதை விற்றாலும் விதைநெல்லை விற்காது என்பார்களே, அந்த மாதிரி. ஒல்லிக் கைகளும் சின்னப் பானையுமாக அப்பா இருந்தது சாப்பாட்டு ராமன் என்பதால் அல்ல. தமிழ்க் கதைகளில் தொந்தி என்றால் மிராசுதார், லேவாதேவிக்காரர், அல்லது சிரிப்பு மூட்ட வரும் மாமா. இளைத்த உடம்பும் தொந்தியுமாக இருக்கும் குமாஸ்தாவை யாரும் எழுதியதாக எனக்கு நினைவில்லை. ஆனால் பஸ்ஸில் பக்கத்து ஸீட்டில் உட்காருகிறவர் பெரும்பாலும் அவர்தான். சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையத்தாரும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்ஸிலும் சேர்ந்து நாடெங்கும் நடத்திய கணக்கெடுப்பு 2023-இல் வெளியாயிற்று. வயிற்றுப் பருமன் உள்ளவர்கள் நூற்றுக்கு 39.5 பேர் என்றது அது.

ஆகவே ஒன்றரை அங்குலம் எனக்கு அழகுப் பிரச்னை அல்ல. அப்பா போன வயதுக்கு இன்னும் ஐந்து வருஷம்தான் இருக்கிறது.

யோசனை சொல்ல ஊரில் ஆளுக்கா பஞ்சம்? "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்று அத்தை கொள்ளு ரசம் வைத்துக் கொடுத்தாள். ரசம் நன்றாகத்தான் இருந்தது. இரண்டு பிடி சோறு கூடுதலாக இறங்கியது. வியர்க்க வைக்கும் ரப்பர்ப் பட்டையை ஒருவர் சிபாரிசு செய்தார். சென்னை ரயிலில் பழக்கமான சிநேகிதர் ஒருவர், மல்லாந்து படுத்து எழுந்திருக்கும் கஸரத்தை நாளுக்கு இருநூறு தடவை செய்தால் தொந்தி தானாகக் கரையும் என்று வண்டியிலேயே செய்து காட்ட முற்பட்டார். அரக்கோணத்தில் கூட்டம் ஏறியதால் பிழைத்தோம்.

அந்தக் கஸரத்தை நிஜமாகவே சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 1984-இல் வெளியான அமெரிக்க ஆராய்ச்சி ஒன்றில், சில ஆண்களை 27 நாளில் ஐயாயிரம் தடவைக்குமேல் எழுந்து படுக்க வைத்தார்கள். வயிற்றிலும் முதுகிலும் பின்புறத்திலும் ஊசி போட்டுக் கொழுப்பை எடுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்கென்று விசேஷச் சலுகை ஒன்றும் கிடைக்கவில்லை. எங்கே வேலை நடக்கிறதோ அங்கிருந்துதான் கொழுப்பு செலவாக வேண்டும் என்கிற சட்டம் உடம்பில் இல்லை. அது ரத்தத்தில் கலந்து பொதுக் கஜானாவிலிருந்து போகிறது. எந்த அறையை முதலில் காலி செய்வது என்பதைக் கஜானாக்காரன் தீர்மானிக்கிறான்.

இதை எனக்கு விளங்க வைத்தவர் டாக்டரம்மா. என் பெண்ணைவிடப் பத்து வயதுதான் மூத்தவராக இருப்பார். "வயித்தைக் கிள்ளிப் பாருங்க சார்" என்றார். கிள்ளினேன். "கையில வருதுல்ல, அது தோலுக்கு அடியில இருக்கிற கொழுப்பு. கையில வராதது உள்ள, குடலைச் சுத்தியும் கல்லீரல்லயும் இருக்கு. உங்க அப்பாவுக்கு எமனா வந்தது அந்த உள்கொழுப்பாத்தான் இருக்கும். ஆனா இளைக்க ஆரம்பிச்சா அதுதான் சுறுசுறுப்பா முதல்ல கரையும். வெளியில இருக்கிறது, அதுவும் தொப்புளுக்குக் கீழ இருக்கிறது, கடைசியிலதான் நகரும்."

கொழுப்பணுக்களின்மீது இரண்டு விதத் தாழ்ப்பாள்கள் இருக்கின்றனவாம். அட்ரினலின் வந்து தட்டினால் திறக்கிறது ஒன்று. அதே அட்ரினலின் தட்டினால் இன்னும் இறுகுகிறது மற்றொன்று. அடிவயிற்றுத் தோலடிக் கொழுப்பில் இறுகும் ஜாதி அதிகம். ரத்த ஓட்டமும் குறைவு. போதாததற்கு, 94 கிலோவுக்கு விரிந்துகொடுத்த தோல் நாற்பதைத் தாண்டியவனிடம் முழுக்கச் சுருங்குவதில்லை. நான் தொந்தி என்று கிள்ளிக்கொண்டிருந்ததில் ஒரு பங்கு வெறும் தோல்தான்.

டாக்டரம்மா பழைய சீட்டையும் புதுச் சீட்டையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை முன்பு 6.3, இப்போது 5.5. கல்லீரலில் கொழுப்பு என்று ஸ்கேனில் எழுதியிருந்த வரி புதுச் சீட்டில் இல்லை. அதை நான் இரண்டு தடவை படித்தேன். அப்பாவுக்கு யாரும் இப்படி ஒரு சீட்டை எடுத்து வைக்கவில்லை. அந்தக் காலத்தில் ஒல்லியான மனிதரைச் சோதிக்க வேண்டும் என்று யாருக்குத் தோன்றும்?

இதற்கு அப்புறம், சென்னையில் வசதியாக இருக்கும் பால்ய சிநேகிதன் ஒருவன், தோலடிக் கொழுப்பைக் குழாய் போட்டு உறிஞ்சி எடுத்துவிடலாம், அரை நாள் வேலை என்றான். யாக்னிக்கின் படம் வந்த அதே 2004-ஆம் வருஷம், அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்து டாக்டர்கள், பருமனான 15 பெண்களுக்கு அப்படி உறிஞ்சி எடுத்துப் பார்த்தார்கள். ஆளுக்குப் பத்துக் கிலோ அளவுக்குப் போயிற்று. பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தால், சர்க்கரைக் கணக்கிலும் ரத்த அழுத்தத்திலும் சொல்லிக்கொள்ளும்படி மாறுதல் இல்லை. வாசலில் இருந்த திண்ணையை இடித்தார்கள். கொல்லைப்புறத்துச் சாக்கடை அப்படியே இருந்தது. சிநேகிதனுக்கு நன்றி சொல்லிவிட்டு மலைப்படிக்கே திரும்பினேன்.

சரவணப் பொய்கைப் பக்கமிருந்து ஏறினால் எங்கள் மலைக்கு 365 படிகள். வருஷத்தின் நாளுக்கு ஒன்று. டிசம்பர் 31-ஆம் தேதி படித் திருவிழா. ஒவ்வொரு படிக்கும் பூஜை செய்து, திருப்புகழ் பாடிக்கொண்டே ஏறுவார்கள். நான் ஏறுவதில் பாட்டு கிடையாது, மூச்சு மட்டும்தான். ஒரு நாள் கணக்குப் போட்டேன். படிக்கு அரையடி என்று வைத்தால் 182 அடி உயரம். 72 கிலோ சரீரத்தை அவ்வளவு தூரம் தூக்க, உடம்பு செலவிடுவது சுமார் 40 கலோரி. அதாவது ஒரு சின்ன இட்லி! ஒரு கிலோ கொழுப்புக்கு ஏறக்குறைய 7,700 கலோரி; அதற்கு 190 தடவை ஏற வேண்டும். முருகன் சந்நிதியில் நின்றுகொண்டு இட்லிக் கணக்குப் போடுவது அபசாரமோ என்னவோ, எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் ஏறுவதை நிறுத்தவில்லை. தசையும் மூச்சும் இட்லிக் கணக்கில் அடங்குவதில்லை. கரைகிற கொழுப்பு எங்கே போகிறது என்றும் படித்திருந்தேன். பத்துக் கிலோ கரைந்தால் அதில் 8.4 கிலோ கரியமில வாயுவாக மூச்சில்தான் வெளியேறுகிறது என்று 2014-இல் ஆஸ்திரேலியாவில் கணக்கிட்டுச் சொன்னார்கள். அந்தப் படிகளின்மீது நான் விட்டுவந்திருப்பது கொஞ்சமல்ல.

ஸ்வீடனிலிருந்து வந்த சேதிதான் என்னைச் சற்று யோசிக்க வைத்தது. 1950-களிலும் அறுபதுகளின் தொடக்கத்திலும் வல்லரசுகள் வானத்தில் வெடித்த அணுகுண்டுகளின் கதிரியக்கக் கரி உலகத்தார் எல்லோருடைய உடம்பிலும் சேர்ந்துவிட்டது. அதை வைத்துக் கிர்ஸ்டி ஸ்பால்டிங் என்ற அம்மையாரும் சகாக்களும் கொழுப்பணுக்களுக்கு வயது கண்டுபிடித்தார்கள். 2008-இல் அவர்கள் சொன்னது இது: வயது வந்தபின் கொழுப்பணுக்களின் எண்ணிக்கை மாறுவதில்லை. வருஷத்துக்குப் பத்தில் ஒன்று சாகிறது. அதே அளவு பிறக்கிறது. எவ்வளவு இளைத்தாலும் அவை சுருங்குகின்றனவே தவிர, குறைவதில்லை. அதாவது என் வீடுகளெல்லாம் காலியாகத்தான் இருக்கின்றன, இடிக்கப்படவில்லை. சாவியை வைத்துக்கொண்டு குடித்தனக்காரன் தெருமுனையில் நிற்கிறான்.

எல்லைத் தகராறு எங்கள் ஊர்க்காரனுக்குப் புதிதல்ல. 1953-இல் ஆந்திர ராஜ்யம் பிரிந்தபோது சித்தூர் ஜில்லாவோடு திருத்தணியும் அங்கே போய்விட்டது. ம.பொ.சி.யும் தோழர்களும் போராடினார்கள். படாஸ்கர் மத்தியஸ்தம் செய்தார். 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி திரும்பி வந்தது. சித்தூர் வரவில்லை, புத்தூர் வரவில்லை, திருப்பதி வரவில்லை. கேட்டது எல்லாம் கிடைக்கவில்லை என்று திருத்தணியில் யாரும் மலை ஏறாமல் இருந்ததில்லை.

இதை எழுதும் வாரத்தில் நாடா முப்பத்தாறேகால் காட்டுகிறது. முக்கால் அங்குலம் வந்திருக்கிறது, முக்கால் பாக்கி. அந்தப் பாக்கியைச் சர்க்கரைச் சீட்டோடு சேர்த்துத்தான் இனிப் பார்ப்பது என்று டாக்டரம்மாவும் நானும் பேசி வைத்திருக்கிறோம்.

போன மாதம் பழைய கால்சட்டைகள் மூன்றைத் தையற்கடை பாயிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். இடுப்பைப் பிடித்துத் தைக்க வேண்டும். பாய் அளவெடுத்தார். "சார், மிச்சத் துணியை வெட்டிடவா, உள்தையல்லயே விட்டு வைக்கவா?" என்று கேட்டார்.

"மற்றவர்கள் என்ன சொல்வார்கள் பாய்?"

"விட்டு வைக்கத்தான் சொல்வாங்க. ஆறு மாசத்துல பிரிக்க வருவாங்க."

இரண்டை வெட்டிவிடச் சொன்னேன். ஒன்றில் விட்டு வைக்கச் சொன்னேன். எது அந்த ஒன்று என்று மட்டும் கேட்டுக்கொண்டு, பாய் அதன்மீது சாக்பீஸால் ஒரு பெருக்கல் குறி போட்டார்.