பாலத்துக்கு இந்தப் பக்கம்

பென்சன் எடுத்த பிறகுதான் வீட்டுச் சாமான் வாங்குவது என் பொறுப்பானது. படிப்பித்த காலமெல்லாம் அது வீட்டுக்காரியின் வேலை. இப்போது பத்தாம் திகதி வங்கியில் காசு விழுந்ததும் சிட்டையும் பையுமாக வெளிக்கிடுகிறேன். சிவப்பரிசி மா, மிளகாய்த்தூள், சோயாமீட், டின்மீன், பால்மா, எல்லாம் பக்கற்றிலும் பேணியிலும். பாணுக்குக் கடைக்குப் போகவே தேவையில்லை; பீத்தோவனின் மெட்டை ஒலித்துக்கொண்டு ஓட்டோ படலைக்கே வருகிறது. இத்தனை சுலபமாகச் சாமான் வாங்கும்போதெல்லாம் பிறந்த ஊரான வெல்லாவெளி நினைவில் வந்து நிற்கும்.

வெல்லாவெளி மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையின் போரதீவுப்பற்றில் இருக்கிறது. சுற்றிவர வயல். அந்தக் காலத்தில் பெரிய கடை என்றால் களுவாஞ்சிகுடிதான். பட்டிருப்புப் பாலத்தால் வாவியைக் கடக்கவேண்டும். மண்டூர்ப் பக்கத்தார் ஓடமேறிக் குருமண்வெளித் துறையில் இறங்குவார்கள். ஒரு போத்தல் மண்ணெண்ணெய்க்காக யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. சங்கக்கடையில் கூப்பனுக்கு அரிசியும் சீனியும் கிடைக்கும். 1979இல் கூப்பன் போய் உணவு முத்திரை வந்தது. மற்றதெல்லாம் சில்லறைக்கடையில். பேப்பர்ச் சரையில் ஐந்து சதத்துக்குத் தேயிலை, பத்துச் சதத்துக்கு மல்லி. காசு இல்லையென்றால் கடன் கொப்பி. பெரும்போக வெள்ளாமை வெட்டிய பிறகு நெல்லாய்க் கணக்குத் தீரும்.

சூடடிக்கும் காலத்தில் கடையே களவெட்டிக்கு வந்துவிடும். வாவிக்குக் கிழக்கே உள்ள எழுவான்கரைப் பெண்கள் கருவாடும் பன்பாயும் சட்டிபானையும் சுமந்து வருவார்கள். பேரம் நெல்லில்தான். அம்மா கருவாட்டை முகர்ந்து பார்த்து, "இது உப்புக் காணாதுகா" என்பா. வந்தவளோ மரைக்காலை உற்றுப் பார்த்து, "குலுக்கி அளகா" என்பாள். பேரம் முடிந்ததும் இருவரும் வெற்றிலை போட்டுக்கொள்வார்கள்.

அவசரச் சாப்பாடு அன்றும் இருந்தது, பக்கற் மட்டும் இல்லை. மார்கழி வெள்ளத்தில் பாதை மூடினால் கடை இல்லை. அதற்காகவே கருவாடு, மோர்மிளகாய், புளி, அவல் எல்லாம் பரணில் இருக்கும். தகரப் பேணியில் வறுத்த மா. ஊறவைத்த அரிசியை உரலில் இடித்து, அரித்து, கப்பியைத் திரும்ப இடித்து, அகன்ற சட்டியில் வறுப்பா அம்மா. பச்சை வாசம் போனதும் ஒரு கிள்ளு எடுத்து நிலத்தில் இழுப்பா. அறாமல் கோலக்கோடு விழுந்தால் பதம். அறுந்தால் இன்னும் வறுக்கவேண்டும். அந்த மா இருந்தால் இருட்டியபின் விருந்தாளி வந்தாலும் கவலை இல்லை. பிட்டு அவித்து, எருமைத்தயிரும் வாழைப்பழமும் வைத்தால் விருந்து.

யுத்தகாலத்தில் பாலம் சோதனைச்சாவடியானது. பற்றரி கொண்டுபோவதே பெரும்பாடு. 2007 பங்குனியில் ஷெல்லடிக்கு ஊரே வெளியேறியபோது நெல்லையும் மாடுகளையும் விட்டுவிட்டு வாவியைக் கடந்தார்கள். பிறகு 2022இல் பால்மாவுக்கும் காஸுக்கும் நாடே வரிசையில் நின்றது. அப்போது விறகடுப்பும் வீட்டு நெல்லும் இருந்தவர்கள் கொஞ்சம் தாக்குப்பிடித்தார்கள்.

இதையெல்லாம் ஒருநாள் அக்காவிடம் உருகி உருகிச் சொன்னேன். "தின்ட உனக்கு அது ருசி. இடிச்ச எனக்குக் கை உழைவு" என்று வெட்டிவிட்டா. அவ சொன்னது சரி. உலக்கையைத் தொடாத ஆண்களுக்குத்தான் உரல்மா இவ்வளவு இனிக்கிறது. எழுபது வயதில் மா இடிக்க யாராலும் ஏலாது. பக்கற் வாங்குவதில் குற்றமில்லை.

எந்தப் பக்கற் என்பதுதான் கேள்வி. நெல் விளையும் ஊரில் இருந்துகொண்டு கொழும்பிலிருந்து வரும் அரிசிமாவை ஏன் வாங்கவேண்டும்? ஊர்ப் பெண்கள் வறுத்துப் பொதிசெய்த மாவும் தூளும் பல கடைகளில் கிடைக்கின்றன. பென்சன்காரர் நாங்கள் அதைக் கேட்டு வாங்கினால் கடைக்காரர் தொடர்ந்து எடுப்பார். டின்மீனையும் நூடில்ஸையும் குறைத்துக்கொள்ளுங்கள். பிரஷர்காரருக்கு அந்த உப்பு ஆகாது. காலாவதித் திகதி கண்ணுக்குத் தெரியாவிட்டால் கடைப் பெடியனிடம் வாசிக்கச் சொல்லுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.