ரேட் எடுக்கும் வேலை

வேளச்சேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட். காலைக் கூட்டம் ஓய்ந்திருந்தது. எனக்கு முன்னால் கூடையோடு போன பெண் எண்ணெய் வரிசையில் நின்று போனைக் காதில் வைத்தார். "அம்மா, கடலை எண்ணெய் ஒரு லிட்டர் இருக்கு, ரேட் சொல்லவா?" என்று தொடங்கி, ரேக்கில் ஒட்டியிருந்த விலைச்சீட்டுகளை வரிசையாக வாசித்தார். மறுமுனையில் யாரும் இல்லை. போன் அவர் குரலைப் பதிவு செய்துகொண்டிருந்தது.

சந்தை ஆய்வு நிறுவனம் ஒன்றுக்கு ரேட் எடுப்பவர் அவர். கடைக்கு இவ்வளவு என்று கூலி. என்னைக் கூட்டிப்போக ஒரே நிபந்தனைதான் போட்டார்: "உள்ள என்கூட பேசாதீங்கக்கா. நீங்க பாட்டுக்கு சாமான் எடுத்துட்டே வாங்க."

அவருடைய ஆப், திறந்ததுமே இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்கிறது. வீட்டில் உட்கார்ந்து நிரப்ப வழியில்லை. கேலரியில் கிடக்கும் பழைய படத்தை அது ஏற்காது. பார்கோடைக் காட்டினால் 13 இலக்க எண்ணை வைத்துப் பொருளைக் கண்டுபிடித்து, கட்டங்களைத் திறக்கிறது: எம்.ஆர்.பி., கடை விலை, சலுகை, எடை. சிக்னல் இல்லாவிட்டால் சேமித்து வைத்துப் பிறகு அனுப்பும்.

ரேக்கைப் படம் எடுப்பதுதான் கஷ்டம். படம் கலங்கினால் நிறுவனம் தள்ளிவிடும், அந்தக் கடைக்கான காசும் போய்விடும். சோப்பு வரிசையில் அவர் போனை உயர்த்தியதும் செக்யூரிட்டி வந்துவிட்டார். "போட்டோ எடுக்கக் கூடாதும்மா." "எது வாங்கணும்னு வீட்ல கேக்குறேண்ணா" என்றார் இவர். அவர் நகர்ந்த பிறகும் இவர் விரல்கள் நடுங்கின. எல்லோரும் பார்க்க ஒட்டிவைத்த விலையைக் குறித்துக்கொள்ள ஒரு பெண் இவ்வளவு பயப்பட வேண்டியிருப்பதில் எனக்கு மனசு ஆறவில்லை.

பிஸ்கட் வரிசையில் எடைக் கட்டத்தை நிரப்பியதும் அது சிவந்தது. போன முறை பதிந்த எடையைவிடக் குறைவு, விலையில் மாற்றமில்லை. பொட்டலத்தில் கிராமுக்கு என்ன விலை என்றும் அச்சிட வேண்டும் என்பது 2021இல் வந்த விதித் திருத்தம். இங்கும் அச்சிட்டிருந்தார்கள், கண்ணைச் சுருக்கித் தேடவேண்டிய எழுத்தில். ஆனால் போன மாதம் எவ்வளவு இருந்தது என்பதை எந்தப் பொட்டலமும் சொல்வதில்லை. அந்த ஆப் சொல்கிறது, அதை வைத்திருக்கும் நிறுவனத்துக்கு மட்டும்.

ஒளிந்து விலை திரட்டுவது என்றதும் அர்ஜென்டினா நினைவுக்கு வந்தது. 2007 முதல் அங்கே அரசுப் புள்ளியியல் அமைப்பு பணவீக்கத்தைக் குறைத்துக் காட்டியது. தாங்களே விலை திரட்டி வேறு கணக்கு சொன்ன பொருளாதார ஆய்வாளர்களுக்கு 2011இல் அபராதம் விழுந்தது. அதன்பின் அவர்கள் கணக்கை, யாருடையது என்று சொல்லாமல், எதிர்க்கட்சி எம்.பி.க்கள் மாதாமாதம் வெளியிட்டார்கள். அங்கே ஆய்வாளர்கள் பெயரை மறைத்துக்கொண்டது மக்களுக்கு உண்மை விலை தெரியட்டும் என்றுதான். இங்கே நடுங்கும் விரல்களால் எடுத்த விலை, வாங்குகிறவர் கண்ணில் படவே போவதில்லை.

நம் நாட்டில் நுகர்வோர் விவகாரத் துறை வெளிப்படையாகவே விலை திரட்டுகிறது, அதுவும் ஆப் வழியாக. 2024 ஆகஸ்ட் நிலவரப்படி 550 மையங்களில் தினமும் 38 பொருட்கள். விவரம் இணையத்தில் எல்லோருக்கும் கிடைக்கிறது. அரிசி, பருப்பு, எண்ணெய், காய்கறி எல்லாம் உண்டு. பிஸ்கட்டும் சோப்பும் இல்லை. அவற்றையும் சேர்த்து, விலைக்குப் பக்கத்தில் போன மாத எடையையும் இந்த மாத எடையையும் போட வேண்டும்.