ஆர்புவாவில் வீசிய வெந்தய மணம்

பிரெஞ்சு நாட்டின் டிஜோன் நகரில் இரசாயனம் பயின்றுவரும் நம் தம்பியின் அழைப்புக்கிணங்கி, சிறுகச் சிறுகச் சேர்த்த பொருளைக் கொண்டு நாமும் இல்லாளும் சென்ற ஆண்டு அந்நாட்டுக்குப் போய்வந்தோம். பாரிஸ் மாநகரைப் பற்றி எழுதுவோர் பலர். நாம் எழுத விழைவது, ஜுரா மலையடிவாரத்தில் குய்ஸான்ஸ் ஆற்றங்கரையில் அமைந்த ஆர்புவா என்னும் சிற்றூரைப் பற்றியே.

டிஜோனிலிருந்து புறப்பட்டு, முஷார் சந்திப்பில் வண்டி மாறினோம். புகைவண்டி இலாகாவில் எழுத்தராகக் காலந்தள்ளும் நமக்கு அச்சந்திப்பே ஒரு காட்சியாயிற்று. ஆர்புவாவை நெருங்கியதும் சரிவெங்கும் திராட்சைத் தோட்டங்கள். விஞ்ஞானி லூயி பாஸ்டர் வளர்ந்த ஊர் இது. அவர் தந்தையார் தோல் பதனிட்டு வாழ்ந்த வீடு இன்று காட்சியகமாக விளங்குகின்றது. பாலைக் காய்ச்சிக் காக்கும் முறைக்கு அவர் பெயர் வழங்குவதை யாவரும் அறிவர். ஆயின், திராட்சை மது கெடாதிருக்கும் வழியையும் அவர் ஆராய்ந்து 1866-ல் நூலாக வெளியிட்டார்.

இவ்வூர்ப் பக்கத்தின் பெருமை ‘வேன் ஜோன்’, அதாவது மஞ்சள் மது. இது வெள்ளை மது வகையைச் சேர்ந்தது. சவான்யேன் என்னும் திராட்சை ஒன்றினாலேயே ஆவது. பீப்பாயில் மது ஆவியாகிக் குறையுமிடத்து மற்றவர் நிரப்பிக்கொண்டே வருவர், இங்கோ நிரப்புவதில்லை. மேற்பரப்பில் ஈஸ்ட் நுண்ணுயிர்கள் மெல்லிய ஆடைபோற் படர்ந்து, மது காடியாகாமற் காக்கின்றன. அறுவடைக்குப் பின் ஆறாம் ஆண்டின் டிசம்பர் 15 வரை அது முதிர வேண்டும் என்பது விதி. அதற்குள் ஒரு லிட்டர் ஏறக்குறைய 62 சென்டிலிட்டராகச் சுருங்கிவிடும் என்பர். அதனாலேயே அதன் புட்டியும் 62 சென்டிலிட்டர் அளவினது.

தம்பியின் ஆசிரியர் ஒருவர் அவ்வூரில் நமக்கு விருந்தளித்தார். அம்மதுவும் பாலேடும் மோரல் காளானும் சேர்த்துச் சமைத்த கோழி, அக்ரோட்டுப் பருப்பு, கோந்தே என்னும் பாலாடைக்கட்டி ஆகியன மேசைக்கு வந்தன. கோந்தேயின் ஒரு வட்டுக்குச் சுமார் 400 லிட்டர் பால் செல்லும். குறைந்தது நான்கு திங்களேனும் அது முதிரவேண்டும். மதுவின் கூர்மையைக் கட்டியின் உப்பும் கொழுப்பும் தணிக்கும் என்றும், அக்ரோட்டின் சுவை மதுவிலேயே உண்டாதலால் இரண்டும் ஒத்துப்போம் என்றும் ஆசிரியர் விளக்கினார்.

இங்கேதான் நமக்குத் தருமசங்கடம். வேலையேற்று ஊரைவிட்டுப் புறப்பட்ட அன்று, மதுவைத் தொடோம் என்று தாயாருக்கு வாக்களித்திருந்தோம். கோழியையும் மதுவையும் மறுத்தோம். ஆசிரியரின் மனைவியார் முகம் வாடியது. வாக்கின் செய்தியைத் தம்பி எடுத்துரைத்ததும், அவ்வம்மையார் கோப்பையை நம்முன் நகர்த்தி, “குடிக்க வேண்டா, முகர்ந்தாவது பாருங்கள்” என்றார்.

முகர்ந்தோம். நன்கு பழகிய மணம். ஆயினும் பெயர் நினைவுக்கு வரவில்லை. இல்லாள் கோப்பையை வாங்கி முகர்ந்தவுடனே, “அத்தை வெந்தயம் வறுக்கிறாற்போல் இருக்கிறதே!” என்றாள். தம்பி நகைத்து, வெந்தயத்துக்கு மணந்தரும் ஸோட்டலான் என்னும் பொருளே இம்மதுவிலும் உள்ளதென்றான். அதைக் கேட்ட அம்மையார் முகம் மலர்ந்தது. ரொட்டியும் கோந்தேயும் அக்ரோட்டுமாக நாம் வயிறார உண்டோம்.

அன்றிரவே தாயாருடன் தொலைபேசியில் பேசினோம். வெந்தயக் கதையைக் கேட்டு அவர் வியக்கவில்லை. “வாக்கைக் காத்தது சரியப்பா. சோறிட்ட அந்த அம்மாள் மனம் நோகாமல் எழுந்து வந்தாயா?” என்றே வினவினார். வந்தோம் என்றோம்.