காற்றடிக் காலத்துப் பட்டிங்

ஜூலை 6, ஞாயிறு

முற்றத்துச் சிமென்ட் தரையில் வைத்த கோல்ஃப் பந்து தானே உருண்டு மதிலோரம் போய் நின்றுகொண்டது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வரும் இந்தத் தென்மேற்குக் காற்று முப்பந்தல் காற்றாலைக்காரர்களுக்கு வரவு. பட்டிங், அதாவது பந்தைக் குழிக்குள் உருட்டிவிடப் பழகுகிறவனுக்கு ஒன்றுக்கும் உதவாது. பந்தின் எடை 45.93 கிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது விதி. ஆரல்வாய்மொழிக் காற்றுக்கு அது ஒரு பொருட்டா? 2015-இல் செயின்ட் ஆண்ட்ரூஸில் நடந்த ஓப்பன் போட்டியிலேயே கிரீனில், அதாவது குழி இருக்கும் புல்தரையில், பந்து நிற்கவில்லை என்று ஆட்டத்தைப் பல மணி நேரம் நிறுத்திவைத்தார்கள்.

கிட்டத்தில் மைதானம் என்றால் திருவனந்தபுரம் கவடியாரில் உள்ள ஒன்பது குழி மைதானம்தான். நினைத்தபோதெல்லாம் போய்வர முடியாது. நானோ வளைகுடாவில் வேலை பார்த்த காலத்தில், எண்ணெய் கலந்த மணல் தளத்தில் பந்து உருட்டப் பழகியவன். எனக்கு வீட்டு ஹாலே போதும்.

ஜூலை 8, செவ்வாய்

இன்று வாசல் பயிற்சி. புல்லில் என்றால் பந்தை ஏற்றி வைக்கும் குச்சிகளான டீக்கள் இரண்டைக் குத்தி வைத்து நடுவே பந்தை அனுப்புவார்கள். ஹாலில் எங்கே குத்துவது? நம் ஊரில் செங்கலுக்கா பஞ்சம்! இரண்டு அரைச் செங்கல் எடுத்துவந்தேன்.

இதில் கணக்குதான் சுவை. குழியின் விட்டம் 108 மில்லிமீட்டர். பத்தடி தூரத்திலிருந்து ஒரே ஒரு டிகிரி விலகினால் பந்து குழியின் நடுவிலிருந்து ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் தள்ளிப் போய்விடும், விளிம்பைத்தான் தொடும். அந்தத் திசையைப் பெரும்பாலும் தீர்மானிப்பது, அடிக்கிற நொடியில் மட்டையின் முகம் எங்கே பார்க்கிறது என்பது. மட்டை வரும் பாதைக்கு அவ்வளவு செல்வாக்கு இல்லை. ஆகவே பந்துக்கு முன்னால் 30 சென்டிமீட்டரில், செங்கல்களுக்கு நடுவே 5 சென்டிமீட்டர் இடைவெளி விட்டு வைத்தேன். பந்தின் விட்டமே 42.67 மில்லிமீட்டர். இடிக்காமல் நடுவே போய்விட்டால் விலகல் முக்கால் டிகிரிக்குள் என்று பொருள். சமதளமான கிரீனில் பத்தடிக்கு அது போதும்.

"என்னத்த உருட்டிட்டு இருக்கியோ? மனுசர் நடக்காண்டாமா?" என்றாள் வீட்டுக்காரி. பக்கத்து வீட்டுப் பையனோ உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு, "மாமா, இது நம்ம கோலி வெளையாட்டுதானே?" என்றான். கிட்டத்தட்ட அதுதான்.

ஜூலை 12, சனி

திசையைவிட வேகம் பெரிய தலைவலி. தூரத்திலிருந்து மூன்று அடி அடித்து முடிக்கிறவர்களைக் கவனித்தால், முதல் அடி பக்கவாட்டில் விலகியிருப்பதைவிடக் குறைந்தோ கூடியோ போயிருப்பதுதான் அதிகம்.

மொசைக் தரையில் பந்து சுவரில் மோதித்தான் நிற்கிறது. கல்யாணத்துக்கு விரிக்கிற நீள ஜமுக்காளத்தை எடுத்தேன். அதன் வேகத்தை அளக்க ஒரு வழி இருக்கிறது. 1935-இல் ஓக்மான்ட் மைதானத்தில் நடந்த யு.எஸ். ஓப்பனைப் பார்த்த எட்வர்ட் ஸ்டிம்ப்சன், கிரீனின் வேகத்தை அளக்க ஒரு சாய்பலகை செய்தார். மூன்றடி நீளம், நடுவே பள்ளம். அதில் உருண்டு இறங்கிய பந்து எத்தனை அடி ஓடுகிறதோ அதுவே வேகம். பிவிசி பைப்பை நெடுக அறுத்து நானும் ஒன்று செய்துகொண்டேன். ஜமுக்காளத்தின் வேகம் எட்டடிக்குக் கொஞ்சம் குறைவு. பெரிய போட்டிகளின் கிரீன்கள் பத்தடியைத் தாண்டும்.

பயிற்சி எளிது. முதல் பந்தை மூன்றடியில் நிறுத்து. அடுத்தது அதைத் தாண்டி ஓரடிக்குள் நிற்க வேண்டும். இப்படியே ஏறிக்கொண்டு போ. ஒன்று பிசகினாலும் முதலிலிருந்து. குழி இருக்கும்போது அதைத் தாண்டி 17 அங்குலத்தில் நிற்கிற வேகமே சரி என்பது டேவ் பெல்ஸின் கணக்கு. நாசாவில் வேலை பார்த்துவிட்டுப் பட்டிங்கை ஆராய வந்த மனிதர் அவர்.

ஜூலை 16, புதன்

மூன்றடிப் பட்டிங். அமெரிக்க வீரர் ஃபில் மிக்கல்சன் குழியைச் சுற்றி வட்டமாகப் பந்துகளை வைத்து, நூறு தொடர்ந்து விழும்வரை அடிப்பாராம். நமக்குப் பத்து போதும். கடைசி இரண்டில் கை தானாக இறுகுவதைப் பார்க்க வேண்டும்! இந்தப் பயிற்சி கற்றுத்தருவது அந்த இறுக்கத்தைச் சமாளிப்பதைத்தான்.

நம் நாட்டு வீராங்கனை அதிதி அசோக் நினைவுக்கு வருகிறார். 2021 ஆகஸ்ட் 7, டோக்கியோ ஒலிம்பிக். கோல்ஃபே தெரியாத வீடுகளில்கூட அன்று காலை டிவி ஓடியது. உலகத் தரவரிசையில் 200-ஆம் இடம்; தொலைவாக அடிப்பதில் மற்றவர்களுக்குப் பின்னால். பட்டிங்கை வைத்தே நான்கு நாளும் முன்னணியில் நின்றார். கடைசிக் குழியில் பந்து விழவில்லை. ஒரே அடியில் வெண்கலம் போய், நான்காம் இடம்.

ஜூலை 21, திங்கள்

நேற்று போர்ட்ரஷில் ஸ்காட்டி ஷெஃப்லர் நான்கு அடி வித்தியாசத்தில் ஓப்பன் பட்டத்தை வென்றார். 2023 சீசனில் பட்டிங் பட்டியலில் 162-ஆம் இடத்தில் கிடந்தவர். அந்த ஆண்டே ஃபில் கென்யனிடம் பயிற்சிக்குப் போனார். 2024 மார்ச்சில் பெரிய தலை வைத்த மட்டைக்கு மாறினார். அடுத்த மாதம் மாஸ்டர்ஸ் அவர் கையில்.

இனிக் கடைக்காரர் அந்த மட்டையைக் காட்டித்தான் விற்பார். கண்ணாடி, லேசர், பந்தைத் திருப்பித் தள்ளும் இயந்திரம் என்று பயிற்சிக் கருவிகளின் வரிசையே இருக்கிறது. வாங்குமுன் ஒன்று கேளுங்கள்: நான் தப்பாக அடித்தால் இது எனக்குச் சொல்லுமா? பந்தைத் திருப்பித் தள்ளும் இயந்திரம் சொல்லாது. அரைச் செங்கல் சொல்லும்.