ஆயிரம் ரூபாய் அபராதம்

குற்றப்பத்திரிகையில் அந்தப் பொருளைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: லேப்டாப் போன்ற கருவி ஒன்று, சார்ஜருடன். தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குத் திரும்பிய ஓர் ஆழ்கடல் விசைப்படகில், படகோட்டும் ஸ்ராங்கு படுக்கும் பலகைக்கு அடியிலிருந்து எடுத்தது. கையில் தூக்கிச் செல்லக்கூடிய சாட்டிலைட் இன்டர்நெட் டெர்மினல் அது. என் கட்சிக்காரரான படகு உரிமையாளரின் மச்சான் மஸ்கட்டில் வாங்கி அனுப்பியது. ஒக்கி புயலுக்கு அடுத்த வருடம் என்னிடம் வந்த வழக்கு.

தூத்தூர் வட்டாரத்துப் படகுகள் சுறாவுக்கும் சூரைக்கும் லட்சத்தீவைத் தாண்டி, டீகோ கார்சியா பக்கம் வரை போகும். தங்கல் தொழில், கரை திரும்ப ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும். செல்போன் கரை மறைந்ததும் செத்துவிடும். வி.எச்.எஃப். ரேடியோவில் பக்கத்துப் படகோடு பேசலாம், கரையோடு பேச முடியாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி குமரிக் கடலில் புயலாகத் திரண்டபோது, நாட்கணக்கில் முன்பே கிளம்பிப் போயிருந்தவர்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேரவே இல்லை. என் கட்சிக்காரரின் தம்பி அப்படிப் போனவர்தான். உடல்கூடக் கிடைக்கவில்லை.

"சாரே, காத்து வருதுன்னு ஒரு வார்த்த சொல்ல ஆளிருந்தா எந்தம்பி திரும்பியிருப்பான். அதுக்குத்தான் இத வரவழைச்சேன்" என்றார். வக்காலத்தில் கையெழுத்துப் போடும்போது அவர் வேறெதுவும் பேசவில்லை.

சட்டம் அந்தக் காரணத்தைக் கேட்காது. அப்போது நடப்பிலிருந்த 1933ஆம் வருட இந்தியக் கம்பியில்லாத் தந்திச் சட்டப்படி உரிமம் இல்லாமல் கருவியை வைத்திருப்பதே குற்றம்; பயன்படுத்தியிருக்க வேண்டும் என்றுகூட இல்லை. அது செய்தி அனுப்பும் கருவி என்றால் மூன்று வருடம் வரை சிறை, அல்லது ஆயிரம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே 1885ஆம் வருடத் தந்திச் சட்டத்தையும் சேர்த்திருந்தார்கள். அவை இரண்டையும்விட எனக்குக் கவலை தந்தது குற்றப்பத்திரிகையின் கடைசிப் பத்தி: வெளிநாட்டினருடன் ரகசியத் தொடர்பு வைத்திருந்ததாகச் சந்தேகம்.

அரசு உதவி வழக்குரைஞர் மும்பையைச் சொன்னார். 2008இல் அங்கே தாக்குதல் நடத்த வந்தவர்கள் கடத்தியது 'குபேர்' என்ற மீன்பிடிப் படகைத்தான். அதில் கிடைத்ததும் சாட்டிலைட் போன்தான். அந்த வாதத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை, இன்றும் எடுத்துக்கொள்வதில்லை. இன்மார்சாட் செயற்கைக்கோள் வழியாக பி.எஸ்.என்.எல். தரும் போனில் பேசினால், பேச்சு காசியாபாத்தில் உள்ள தரை நிலையம் வழியாகப் போகும்; தேவைப்பட்டால் அரசு அதைக் கேட்க முடியும். மஸ்கட் சிம் போட்ட டெர்மினலும் அதே செயற்கைக்கோளோடுதான் பேசுகிறது, ஆனால் காசியாபாத் வழியாக வராது. அரசின் அச்சத்துக்கு அடிப்படை உண்டு.

ஆகவே கருவி யாருடையது என்பதில் நான் மல்லுக்கட்டவில்லை. அதை வைத்து என்ன செய்தார்கள் என்பதை நீதிமன்றத்தின் முன் வைப்பது என்று முடிவெடுத்தேன். தொழில்நுட்ப நிபுணர் கூண்டேறியதும் கருவியைத் திறந்து காட்டச் சொன்னேன். மூடிதான் ஆன்டெனா. அதைச் செயற்கைக்கோள் இருக்கும் திசைக்கு நிமிர்த்த வேண்டும். சிக்னல் கூடக்கூட 'பீப்' சத்தம் மாறும். அதைக் கேட்டுக்கேட்டு விரல் விரலாகத் திருப்ப வேண்டும்.

"நீதிமன்ற அறைக்குள் இது வேலை செய்யுமா?"

"செய்யாது. வானம் தெரிய வேண்டும்."

"ஆடுகிற படகில்?"

"இது தரையில் வைத்துப் பயன்படுத்தும் மாடல். ஆட்டத்தில் இணைப்பு அறுந்துபோகும்."

"அப்படியானால் கடல் அமைதியாக இருக்கும்போதுதான் இணைப்பு கிடைக்கும்?"

"பெரும்பாலும் அப்படித்தான்."

கருவியோடு வைஃபையில் இணைத்திருந்த ஸ்ராங்கின் செல்போனைத் தடய அறிவியல் ஆய்வகம் பிரித்துப் பார்த்திருந்தது. அந்த அறிக்கையை வரி வரியாகப் படிக்க வைத்தேன். எல்லாம் சில நிமிட இணைப்புகள். வாட்ஸ்அப்பில் படம் தானாக இறங்குவதை நிறுத்தி வைத்திருந்தார்கள், டேட்டாவுக்கு எம்.பி. கணக்கில் டாலராக அழ வேண்டும். திறந்த பக்கங்கள் வானிலை மையத்துடையதும், ஹைதராபாத் இன்காய்ஸ் நிறுவனத்தின் அலை முன்னறிவிப்பும். அனுப்பிய செய்திகள் வீட்டுக்கு: சுகம், மீன் குறைவு, காற்று எப்படி என்று கேட்டுச் சொல். வெளிநாட்டு எண் ஒன்றே ஒன்று, மச்சானுடையது.

ரகசியத் தொடர்பு என்ற பேச்சு அத்தோடு நின்றது. ஆனால் உரிமமில்லாமல் வைத்திருந்தது நிரூபணமாகிவிட்டது. கருவி பறிமுதல், ஆயிரம் ரூபாய் அபராதம், சிறை இல்லை. உயிர் காக்கும் நோக்கம் குற்றத்தை அழிக்காது, தண்டனையைக் குறைக்கும் என்று நடுவர் எழுதினார். சட்டப்படி சரியான தீர்ப்பு. நாங்கள் மேல்முறையீடு செய்யவில்லை.

அந்த இரண்டு பழைய சட்டங்களின் இடத்துக்கு 2023இல் தொலைத்தொடர்புச் சட்டம் வந்திருக்கிறது. படகுகளுக்கு இஸ்ரோவின் டிரான்ஸ்பாண்டர்களும் வருகின்றன. அவசரச் செய்தி அனுப்பலாம், எச்சரிக்கை பெறலாம். நல்ல காரியம். ஆனால் ஒரு மாதம் கடலில் கிடப்பவனுக்கு நாலு வரிச் செய்தி போதாது. காற்றின் வரைபடத்தை அவனே பார்க்க வேண்டும், மனைவியின் குரலைக் கேட்க வேண்டும். அதற்கு அனுமதி பெற்ற இணைப்பு வேண்டும். அந்த அனுமதியைப் படகுப் பதிவோடு சேர்த்து, துறைமுகத்து மீன்வளத்துறை அலுவலகத்திலேயே, அவன் தாங்கக்கூடிய கட்டணத்தில் கொடுக்க வேண்டும். மீனவர் சங்கத்துக்காக நான் எழுதிக் கொடுத்த மனுவில் கேட்டிருப்பது இது ஒன்றைத்தான்.