எத்தனை வாட்?

தையற்காரரிடம் போகிறவன் தன் உடம்பு அளவைக் கொடுத்துத்தான் சட்டை தைத்துக்கொள்கிறான். ஸ்டீரியோ வாங்கப் போகிறவன் மட்டும் உடம்பை வீட்டில் விட்டுவிட்டு, "துணி எத்தனை கஜம்?" என்று கேட்கிறான். கடையில் முதல் கேள்வியே "எத்தனை வாட்?" என்பதுதான். 100 என்றால் முகம் மலர்கிறது. 30 என்றால் சுருங்குகிறது. கடைக்காரரும் மனிதர்தானே! மலர்ந்த முகம்தான் அவருக்கும் பிடிக்கிறது.

இந்தப் பலவீனத்தை வைத்தே பிழைத்த ஒரு காலம் உண்டு. 1990களில் காஸெட் பெட்டிகளின் நெற்றியில் 'பி.எம்.பி.ஓ. 1000 வாட்' என்று பளபளவென்று ஒட்டியிருக்கும். அவற்றில் பல பெட்டிகள் சுவரிலிருந்து வாங்கிக்கொள்ளும் மின்சாரம் 40 வாட்கூட இராது. 40 வாங்கி 1000 கொடுக்கிற வள்ளல் புராணத்தில்கூடக் கிடையாது. கண்சிமிட்டும் நேரத்துக்குள் ஏதோ ஒரு கணக்கில் வரக்கூடிய உச்சத்தை, அதுவும் காகிதத்தில் போட்டுப் பார்த்த எண் அது. அமெரிக்காவில் இந்த மாதிரிக் கூத்துக்கு முன்கூட்டியே மூக்கணாங்கயிறு போட்டார்கள். ஆம்ப்ளிபயர் தொடர்ந்து எத்தனை வாட் கொடுக்க முடியுமோ அதைச் சொல்லித்தான் விளம்பரம் செய்ய வேண்டும் என்று 1974இல் மத்திய வர்த்தக கமிஷன் விதி செய்தது.

சரி, யோக்கியமான வாட் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் அந்த எண் நம்மை ஏமாற்றத்தான் செய்கிறது. காது கூட்டல் கணக்குப் போடுவதில்லை. பெருக்கல் கணக்குப் போடுகிறது. 50 வாட்டை 100 ஆக்கினால் சத்தம் இரண்டு மடங்காகும் என்றுதானே தோன்றும்? கூடுவது 3 டெசிபல். பேசிக்கொண்டிருக்கிறவர் குரலைச் சற்று உயர்த்தினார் என்கிற அளவு. காதுக்கு இரண்டு மடங்காகத் தோன்ற வேண்டுமானால் சுமார் 10 டெசிபல் வேண்டும்; அதற்கு மின்சாரம் 10 மடங்கு வேண்டும். கல்லூரியில் லாகரிதம் புத்தகத்தை வெறுத்தவர்களை அது இப்படி வீடு தேடி வந்து பழிவாங்குகிறது.

அதைவிட முக்கியம், வாட்டை வாங்கிச் சத்தமாக மாற்றுகிற ஸ்பீக்கர். ஒரு வாட் கொடுத்து, ஒரு மீட்டர் தள்ளி நின்று அளந்தால் எத்தனை டெசிபல் என்பதுதான் அதன் யோக்கியதாம்சம். 1946இல் பால் கிளிப்ஷ் என்ற அமெரிக்கர் செய்த 'கிளிப்ஷ்ஹார்ன்' அறையின் மூலையில் பீரோ மாதிரி நிற்கும். அது சுமார் 104 தருகிறது. 1970களில் பி.பி.சி. தன் உபயோகத்துக்காக வடிவமைத்த 'எல்.எஸ். 3/5ஏ' புத்தக அலமாரியில் அடங்கிவிடும், இசை அருமையாக இருக்கும், ஆனால் 83க்குள்தான். பெரியது ஒரு வாட்டில் போடுகிற சத்தத்தைச் சின்னது போட 100 வாட்டுக்கு மேல் வேண்டும். அவ்வளவு கொடுத்தால் அது தாங்காது என்பது வேறு விஷயம். ஆக, ஸ்பீக்கரைச் சொல்லாமல் வாட்டை மட்டும் கேட்பது, மாட்டைப் பார்க்காமல் புல்லுக்கட்டை எண்ணுவது போல.

எங்கள் வீட்டில் பிரச்னை 40 வாட்டா, 120 வாட்டா என்று வந்து நின்றது. இரண்டுக்கும் இடையே இருந்த விலை வித்தியாசம் எங்கள் இரண்டு மாத மளிகைச் செலவு. 120 வேண்டும் என்று சொன்னவர்கள் எல்லோரும் சொன்ன காரணம் என் தாயார். வீணை வாசித்தவள், பிறருக்குச் சொல்லியும் கொடுத்தவள். இப்போது காது மந்தம். "மீட்டினது கேக்கறதுடா. இழுக்கறது கேக்கலை" என்பாள். வீணையில் உயிரே அந்த இழுப்பில்தான் இருக்கிறது. தந்தியை மீட்டிய பிறகு, தேய்ந்துகொண்டே போகிற நாதத்தில் விரல் செய்கிற வேலை அது. அந்தத் தேய்வு கேட்கும்படி சத்தத்தை உயர்த்தினால், பக்கத்தில் மிருதங்கம் சும்மா இருக்குமா?

என் மருமான் என்ஜினியர். பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தான்.

"மாமா, உங்க ஸ்பீக்கர் 87. சோபா எட்டடி தள்ளி இருக்கு. தூரத்துக்குக் கொஞ்சம் கழிச்சு, ஸ்பீக்கர் ரெண்டுங்கறதுக்குக் கொஞ்சம் கூட்டினா, ஒரு வாட்டுக்கு 85 வரும். நீங்க கேக்கறது 73தான். அதுக்கு எத்தனை வாட் தெரியுமா? பதினாறில் ஒரு பங்கு!"

எனக்கே கொஞ்சம் அவமானமாக இருந்தது. ஆனால் அது சராசரிதான். மிருதங்கத்தின் ஓர் அடி சராசரியைவிட 20 டெசிபல் எகிறக்கூடும். அந்தக் கணத்துக்கு 100 மடங்கு வேண்டும். அப்போதும் 6 வாட்தான். ஆம்ப்ளிபயரில் அந்த இருப்பு இல்லாவிட்டால் அலையின் உச்சி மழுங்கி, அடி கரகரக்கும். ஸ்பீக்கரில் கீச்சுக் குரலுக்கென்று இருக்கிற சின்ன உறுப்பு சூடேறிக் கருகவும் கூடும். சக்தி குறைந்த பெட்டியை முறுக்கு முறுக்கென்று முறுக்குகிற வீடுகளில் இதுதான் நடக்கிறது.

"பாட்டிக்கு?" என்றேன்.

"இன்னும் 10 டெசிபல் வெச்சுக்கோங்க. சராசரி முக்கால் வாட்டுக்குள்ளேதான். உச்சத்துக்கு 60க்கு மேலே."

அப்படியானால் 40 போதாது. இரண்டு மாத மளிகையை மனசுக்குள் தாரை வார்த்துவிட்டேன். பையன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு எழுந்தான். பிரம்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய், ஸ்பீக்கர்களுக்கு எதிரே நாலடியில் போட்டான். தூரம் பாதியானால் வெட்டவெளியில் 6 டெசிபல் லாபம். அறைக்குள் சுவர்களும் எதிரொலிப்பதால் 3, 4தான் தேறும். அதுவே வாட்டை இரண்டு மடங்காக்கியதற்குச் சமானம். 60க்கு மேல் என்றது 30 சொச்சமாயிற்று.

இன்னொன்றும் சொன்னான். வயோதிகத்தில் முதலில் மங்குவது உச்ச ஸ்வரங்கள். அவை மங்கினால் சத்தத்தைக் கூட்டினாலும் தெளிவு வராது. போதாததற்கு, மெல்லிய ஒலி கேட்காத அதே காதுக்குப் பலத்த ஒலி சட்டென்று வாதையாகிவிடும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகிப்போகிறது. அதற்குள்தான் வீணையும் மிருதங்கமும் குடித்தனம் செய்தாக வேண்டும்.

40 வாட்டே வாங்கினோம். முதல் நாள் சாயங்காலம் அம்மா பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு வீணைக் கச்சேரி முழுவதும் கேட்டாள். இடது கை விரல்கள் மடியில் மெள்ள நகர்ந்துகொண்டிருந்தன.

"கேட்டுதாம்மா?" என்றேன்.

"இழுப்பெல்லாம் கேட்டுது. அந்த மிருதங்கக்காரனை மட்டும் கொஞ்சம் தள்ளி உக்காந்துக்கச் சொல்லேன்."