சிமெண்டு காய்வதில்லை!



அரியலூர்ப் பக்கம் பஸ்ஸில் போயிருப்பீர்கள். சுண்ணாம்புக்கல் லாரிகள் வரிசையாகப் போகும். ரோட்டோர வேப்பமரம்கூட வெள்ளை பூசிக்கொண்டு நிற்கும். கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் அங்கே கடல் இருந்ததாம். அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பைச் சுட்டுத்தான் இன்று சிமெண்டாக மூட்டை கட்டுகிறார்கள்.

அந்த மூட்டையால்தான் பெரம்பலூர்ப் பக்கத்துக் கிராமத்தில் எங்கள் வீட்டு அடுப்பு எரிகிறது. அப்பா கொத்தனார், அம்மா சித்தாள். எங்கள் வம்சத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். சிவில் டிப்ளமோவில் சேர்ந்ததும் அம்மா கேட்ட முதல் கேள்வி இது: "ஏண்டா தம்பி, சேறு காஞ்சாலும் தண்ணி பட்டா கரைஞ்சுடுது. சிமெண்டு மட்டும் தண்ணியில கெடக்கக் கெடக்க கெட்டியாவுதே, அது எப்படிடா?"

எங்கள் கெமிஸ்ட்ரி சார்தான் விளக்கினார். சிமெண்டு காய்வதில்லை, தண்ணீரோடு வினை புரிகிறது! சிமெண்டுத் தூளில் பெரும்பாலும் சிலிக்கேட்டுகள் தனித்தனி ஆளாக இருக்கின்றன. தண்ணீர் பட்டதும் முதலில் இரண்டிரண்டாகக் கைகோக்கின்றன. நாளாக ஆக ஐந்து, எட்டு என்று சங்கிலி நீள்கிறது. பாலிமர் என்றால் ரப்பரும் பிளாஸ்டிக்கும் மட்டுமா? நம் கான்கிரீட்டுக்குள்ளும் குட்டிக் குட்டிச் சங்கிலிகள் உண்டு!

கண்ணுக்குத் தெரியாத சங்கிலியை எண்ணியது எப்படி? அதுதான் காந்த ஒத்ததிர்வு, அதாவது என்.எம்.ஆர். ஆஸ்பத்திரி எம்.ஆர்.ஐ. ஸ்கேனும் இதே தத்துவம்தான். இதற்காக பிளாக், பர்செல் என்ற இருவர் 1952-ல் நோபல் பரிசு பெற்றார்கள். 1951-லேயே பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் சூர்யன் என்பவர் ஓடும் திரவத்தில் இதை அளந்திருக்கிறார். எஸ்தோனியாவின் லிப்மா குழுவினர் 1980-ல் திடமான சிலிக்கேட்டுகளில் செய்து காட்டினார்கள்.

நூறு சிலிக்கான் அணுக்களில் ஏறக்குறைய ஐந்தின் கரு குட்டிக் காந்தம் போல நடக்கும். பெரிய காந்தத்துக்குள் வைத்து ரேடியோ அலை கொடுத்தால் அது பதில் சொல்லும். தனி ஆள், சங்கிலியின் முனை, சங்கிலியின் நடு என்று மூன்றுக்கும் மூன்று குரல்! திடப்பொருளில் குரல்கள் ஒன்றோடொன்று குழம்பிவிடும் என்பதால், மாதிரியை 54.7 டிகிரி சாய்த்து நொடிக்கு ஆயிரக்கணக்கான சுற்றுச் சுற்றுகிறார்கள். எந்தச் சங்கிலிக்கும் முனை இரண்டுதானே? முனைக் குரலையும் நடுக் குரலையும் ஒப்பிட்டால் சராசரி நீளம் வந்துவிடும்.

இதனால் நமக்கென்ன என்கிறீர்களா? தண்ணீர் வற்றினால் வினை நின்றுபோகும். காசு கொடுத்து வாங்கிய சிமெண்டில் ஒரு பங்கு வெறும் தூளாகவே உள்ளே தங்கிவிடும்.

போன சித்திரையில் எங்கள் வீட்டுக்குத் தளம் போட்டோம். "மூணு நாள் தண்ணி ஊத்துனா போதும்" என்றார் காண்ட்ராக்டர். கடும் வெயிலில் குறைந்தது 10 நாள், சாம்பல் கலந்த சிமெண்டென்றால் 14 நாள் என்கிறது ஐ.எஸ். 456 விதிநூல் (2000). தெருக் குழாயிலோ குடிக்கவே தண்ணீர் இல்லை! அம்மா வேலை முடிந்து வந்து, தோட்டத்துக் கிணற்றிலிருந்து குடம் குடமாகச் சுமந்தார். நானும் சுமந்தேன். சங்கிலிக் கதையைச் சொன்னதும் சிரித்தார். "அதுக்குத் தாகம் அடங்கலைன்னு எனக்கு இருவது வருஷமா தெரியும்டா. ஏன்னுதான் தெரியாது" என்றார். பதினாலு நாளும் தளம் காயவில்லை.

தளம் உறுதியென்று பெருமையடிக்க இன்னும் ஒரு மழைக்காலம்கூட ஆகவில்லை. ஆனால் ஒன்று சொல்வேன். நாளை நாம் சூப்பர்வைசர்களாக சைட்டில் நிற்போம். தண்ணீர் ஊற்றும் சித்தாளின் கூலியை மிச்சம் பிடிக்கச் சொல்லி யாராவது காதில் ஓதுவார்கள். அப்போது, பாதியில் கைவிட்ட அந்தச் சங்கிலிகளையும், அவற்றின் கீழே படுத்துறங்கப் போகும் குடும்பத்தையும் நினைத்துக்கொள்ளுங்கள் நண்பர்களே!